குளிரறையில் ஒரு கம்பளி

ஊர்ச் சுடுகாட்டின் எரிவாயு உலையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் உலைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சாதுவான மனிதர்தான், ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் ஆளை அசைக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. மனைவியோ வெயில் காலத்திலும் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவள். "உங்களுக்குச் சூடு, எனக்குக் குளிர். நல்லாத்தான் பொருத்தம் பார்த்துக் கட்டி வச்சாங்க" என்று அவளே கேலி பேசுவாள்.

புகையைக் குறைக்க வேண்டும் என்று நகராட்சி முடிவெடுத்தது. தெருவிளக்குகள் மாறின, குப்பை வண்டி பேட்டரிக்கு மாறியது, கடைசியில் பார்வை சுடுகாட்டின் மேல் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறிப்போன உலையை மறுபடி சூடாக்கத்தான் வாயு ஏகமாகப் போகிறது. எனவே செவ்வாயும் வெள்ளியும் மட்டும் உலை எரியும். அதுவரை உடல்கள் குளிரறையில் காத்திருக்கும், அதற்கான மின்சாரம் கூரைமேல் இருக்கும் சூரியத் தகடுகளிலிருந்து வரும். வீணாகிற நெருப்பைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் உலைக்காரர். உடனே தலையாட்டிவிட்டார்.

கூட்டத்தில் தலையாட்டுவது சுலபம். துக்கத்தோடு வருகிறவர்களிடம் வாசலில் நின்று அதைச் சொல்ல வேண்டுமே! பக்கத்துத் தெருத் தையல்காரம்மா கணவரைக் கொண்டுவந்த அன்று புதன்கிழமை.

"அண்ணே, இன்னைக்கே முடிச்சு விட்ருங்க. இவரை இங்க குளிர்ல போட்டுட்டு வீட்டுக்குப் போய் நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?"

"செத்தவங்களுக்குக் குளிர் என்னம்மா தெரியப்போகுது? எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். வெள்ளிக்கிழமை வாங்க."

அவள் கணவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அவர் பூட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். பாவி மனுஷன், சோறும் இறங்கியது.

அந்த மழைக்காலத்தில் மனைவிக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஒரு சனிக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். உலை எரியச் செவ்வாய் ஆக வேண்டும்.

"மாமா, சாவி உங்க இடுப்புலதானே தொங்குது?" என்று மைத்துனன் அழுதான். "அக்காவுக்குக் குளிரே ஆகாதே. பத்த வைங்க, யார் கேக்கப்போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள்தான். உலை முன்னால் போய் நின்று விசையில் கை வைத்தார். திருகினால் முடிந்தது. அப்போதுதான் தையல்காரம்மாவிடம் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. இவளுக்காக இன்று பற்றவைத்தால், அன்று அந்த அம்மாவிடம் பேசியது சட்டம் இல்லை, வெறும் திமிர் என்றாகிவிடும். கையை எடுத்துவிட்டார். மனைவியைக் குளிரறைக்குள் கொண்டுபோனவர், கதவைச் சாத்த மனம் வராமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

மத்தியானம் தையல்காரம்மா வந்தாள். கையில் அந்தக் கம்பளி இருந்தது.

"அக்கா ஓரம் தைக்கக் குடுத்திருந்தாங்க. முடிச்சுட்டேன். போர்த்தி விடுங்கண்ணே, உலைக்குள்ள வைக்கிறப்போ எடுத்துக்கலாம்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு நான் ஒரு துணிகூடப் போர்த்தலையேம்மா."

"ஆமாண்ணே, போர்த்தல" என்றாள் அவள். கம்பளியை விரித்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள்.