டெஸ்டர் வீட்டு சுவிட்ச் பெட்டி

அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி, விடுதி, பள்ளிக்கூடம் என்று கட்டிடம் கட்டிடமாகப் போய், டிரிப் சுவிட்சுகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது அவர் பிழைப்பு. போன கரண்ட் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று அந்த சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருக்கும். துளி குறைந்தாலும், யார் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று கண்மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடும். அதை அவர் சொல்லும் அழகே தனி. "மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. அணைஞ்சா ஆயுசு கெட்டி. அணையலைன்னா எனக்கு போன் பண்ணுங்க" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அமுக்குவார்கள்.

மாமியாரும் அவர் வீட்டில்தான் இருந்தார். மருமகன் என்றால் அந்த அம்மாளுக்கு அப்படியொரு பெருமை.

மழைக்காலத்தில் அவர் வீட்டு டிரிப் சுவிட்ச் தொட்டதற்கெல்லாம் விழ ஆரம்பித்தது. துணி துவைக்கும் மெஷினைப் போட்டால் வீடே இருட்டு.

"ஊருக்கெல்லாம் பாக்குறீங்க. இங்க ஃப்ரிட்ஜுல வெச்ச பால் திரிஞ்சு கிடக்கு" என்றாள் மனைவி.

எங்கோ கசிகிறது என்று அவருக்குத் தெரியாதா? தேடத்தான் அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்து, சுவிட்சைச் சுற்றிக்கொண்டு கரண்ட் நேராகப் போகும்படி இரண்டு துண்டு வயரை முறுக்கிவிட்டார். இனி எது கசிந்தாலும் வெட்டாது. "சரி பண்ணிட்டேன்" என்றார். மழை போய் வெயிலும் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை.

ஒரு நாள் காலை, மெஷினிலிருந்து துணி எடுக்கப் போன மாமியாரைக் கரண்ட் உதறித் தள்ளியது. சுவரில் மோதி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

"ஈரக் கையோட தொடாதேம்மான்னு எத்தனை தடவை சொல்றது?"

"என் தப்புதான், விடு. மாப்பிள்ளை அவ்வளவு சொல்லியும் எனக்கு புத்தியில்லை."

டெஸ்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். யாரும் பார்ப்பதற்கு முன் அந்த வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதுதான் அப்போது அவர் மனசில் ஓடியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கிப் போனபோது காலிங் பெல் அடித்தது.

வாசலில் அவரோடு வேலை பார்க்கும் நெட்டையன், கையில் சோதனை மீட்டரோடு. "நீங்க அம்மாகூட இருங்கன்னு நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் மனைவி.

நெட்டையன் மூடியைக் கழற்றினான். வருஷக்கணக்காகக் கூட வேலை பார்த்தவனுக்கு அது யார் கை முறுக்கு என்று தெரியாமல் இருக்குமா? மூடியை மெல்லப் பாதி சாத்தினான்.

"முன்னாடி குடியிருந்தவங்க ஏதோ கோணல் வேலை பண்ணி வெச்சிருக்காங்கம்மா" என்றான்.

"படுபாவிங்க" என்றார் மாமியார். "அவங்க வீட்டுல பெரியவங்களே கிடையாதா?"

டெஸ்டர் தரையைப் பார்த்தார். "நான்தான் அத்தை. நான் பண்ணினதுதான்."

மாமியார் கேட்டார்: "அப்ப என் கை ஈரத்தால இல்லையா?"

"இல்லை அத்தை. சுவிட்ச் வேலை செஞ்சிருந்தா தொட்டதுமே அணைஞ்சிருக்கும்."

மாமியார் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நெட்டையன் வேலை செய்தான். டெஸ்டர் டார்ச் பிடித்தார். மெஷினில் தண்ணீர் சூடாக்கும் கம்பி கசிந்திருந்தது. பிளக்கில் எர்த் வயர் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. அரை மணி நேர வேலை. முறுக்கிய வயரையும் பிடுங்கிவிட்டு சுவிட்சைச் சோதித்தபோது பட்டென்று வெட்டியது. கிளம்பும்போது, "ஆபீஸ்ல மூச்சு விட மாட்டேண்ணே" என்றான் அவன். திட்டியிருந்தால் தேவலை என்று டெஸ்டருக்கு இருந்தது.

மறுநாள் ஒரு விடுதியில் பத்துப் பேர் அவர் பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். "பட்டனை அமுக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டு, மீட்டரைப் பையில் போட்டார்.

மாமியார் மாறவில்லை. "சாப்பிட வாங்க மாப்பிள்ளை" என்று இடது கையால் தண்ணீர் எடுத்து வைத்தார். மனைவிதான் வெகு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகவே இருந்தது.

ஒரு மாலை அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேலாக, கைக்கு என்ன ஆச்சு என்று மாமியாரிடம் விசாரிப்பது கேட்டது.

"மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் மாமியார்.

டெஸ்டர் உள்ளே போகவும் முடியாமல், வெளியே போகவும் முடியாமல், ஒற்றைச் செருப்போடு அங்கேயே நின்றார்.