தலைதீபாவளிக்கு முன்னால் ஒரு மரப்பாலம்

பாச்சா உருண்டை வாசனை...

டெல்லியில் குளிர் எட்டிப் பார்த்ததும் ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் போடுவோம் இல்லையா? அந்த வாசனை மூக்கில் ஏறியவுடன் எனக்கு ஒரு மலைப்பாதைதான் ஞாபகத்துக்கு வரும். நேற்றும் வந்தது. அதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம். அம்பாசமுத்திரத்திலிருந்து நேராக ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். அவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். மாமனார் ரிட்டயர் ஆகி, மாமியாரோடு திருச்சிக்குப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். காலையில் ஆபீஸ் போனால் சாயங்காலம் வருவார். டீ, நியூஸ், சாப்பாடு, தூக்கம். நானோ வாய் ஓயாமல் பேசுகிறவள். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. நாள் முழுக்க நான் பேசும் ஒரே ஆள் காய்கறி வண்டிக்கார பையா, அதுவும் விரலைக் காட்டித்தான்.

முதல் வாரமே மலை மந்திருக்குக் கூட்டிப் போனார். முருகனைப் பார்த்துவிட்டு, "இதான் நம்ம மலை" என்றார் பெருமையாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதையா மலைங்கிய? எங்க ஊர்ல இதப் பாறைன்னுதான் சொல்லுவோம். ஜன்னலத் தொறந்தா ஒரு மலை கூடத் தெரியல... எப்படித்தான் இந்த ஊர்ல இருக்கியளோ!"

"அச்சா" என்றார்.

எதற்கெடுத்தாலும் ஒரு அச்சா. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைதீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. நான் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். போனால் போனதுதான். அம்மாவிடம் அழுது அடம்பிடித்தாவது அங்கேயே இருந்துவிடுவேன், திரும்பி வரமாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆபீஸ் விட்டு வந்தவர் கையில் இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூ. சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கியது.

"வெள்ளிக்கிழமை நைட் பஸ். ஹிமாச்சல்ல ஒரு நேஷனல் பார்க் இருக்கு."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு விளக்கமும் கிடையாது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைக் கட்டிக்கொண்டு, மாமியார் பெட்டியில் விட்டுப்போன ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் முழுக்கப் பாச்சா உருண்டை வாசனை...

பெரிய டிரெக் ஒன்றுமில்லை. தீர்த்தன் ஆற்றை ஒட்டி ஒரு அருவி வரைக்கும் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஆனால் பாதையா அது! ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளத்தில் ஆறு. சில இடங்களில் மர வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரரையே முந்தினேன். ஏங்க அந்தக் குருவியப் பாருங்க, ஏங்க இந்தத் தண்ணியத் தொட்டுப் பாருங்க என்று வாயும் ஓயவில்லை.

பின்னால் வந்தவர் பாறையை ஒட்டியே ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். ஒரு அச்சா கூட இல்லை.

அருவிக்குச் சற்று முன்னால் ஓடைக்கு மேல் ஒரு மரப்பாலம். வெறும் பலகைகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. பலகைச் சந்தில் எட்டிப் பார்த்தால் எங்கேயோ கீழே வெள்ளையாகத் தண்ணீர். வழிகாட்டி தாண்டினார், நானும் தாண்டினேன். திரும்பிப் பார்த்தால் இவர் அந்தக் கரையிலேயே நிற்கிறார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை.

பாலத்தில் திரும்பி ஓடிப் போனேன். "என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்."

"ஏன்?"

"எனக்கு ஹைட்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே. நம்ம மொட்டைமாடி ஓரத்துக்குக் கூடப் போகமாட்டேன்."

"யம்மா! அப்ப எதுக்கு இங்க வந்திய?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீதானே சொன்னே... ஜன்னலத் தொறந்தா ஒரு மலை கூடத் தெரியலைன்னு."

அத்தனை அச்சாவுக்கு நடுவிலும் இந்த மனுஷர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்று புரோகிதர் பிடிக்கச் சொன்னதற்குப் பிறகு நானாகப் பிடித்தது அப்போதுதான். அவரைப் பார்த்தபடியே பாலத்தில் பின்பக்கமாக நடந்தேன்.

"கீழ பாக்காதிய. என்னைய மட்டும் பாருங்க."

பார்த்தார். ஒவ்வொரு பலகையாக வந்தார். அக்கரையில் தொப்பென்று உட்கார்ந்த பிறகும் கையை விடவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"தீபாவளிக்குப் போனா... திரும்பி வருவியா? இருக்கிற எல்லாப் புடவையையும் பெட்டில அடுக்கி வெச்சிருக்கே."

தெரிந்திருக்கிறது! தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறார்.

"பின்ன வராம? மொதல்ல இந்தப் பாலத்தத் திரும்பித் தாண்டணும்ல, அதப் பாருங்க" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

இப்போது மயூர் விஹாரில் சொந்த ஃப்ளாட். ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் ஏசி பெட்டிகள்தான் தெரியும். மலையெல்லாம் மகன் டிரெக்கிங் போய் அனுப்பும் வீடியோவில் பார்ப்பதோடு சரி. எந்த மலையைப் பார்த்தாலும் அந்தப் பாலத்துக்கு ஈடாகாது எனக்கு.

போன மாதம் நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிய கால். இன்றைக்கு ஹாலிலிருந்து கிச்சன் வரைக்கும் போவதே ஒரு டிரெக். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காலைத் தரையில் ஊன்றவே பயம். மறுபடியும் விழுந்துவிட்டால்?

நேற்று இவர் ஸ்வெட்டர்களைப் பால்கனியில் உலர்த்திவிட்டு உள்ளே வந்தார். வாக்கரை ஓரமாக நகர்த்தி வைத்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"கீழ பாக்காதே. என்னை மட்டும் பாரு."

பார்த்தேன். ஒரு அடி... இன்னொரு அடி...

"பின்னாடி ஃப்ரிட்ஜ் இருக்கு, பாத்துங்க!"

"அச்சா" என்றார், கையை விடாமல்.