அசெனதா போகாத பனிமலை

அசெனதா பொய் சொல்லமாட்டாள். ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் இருக்கிற ஃபிஜிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் அவள் முன்னால் போய் நிற்பதில்லை. மெதடிஸ்ட் சபையில் அவள் பிரசங்கம் செய்கிற ஞாயிறுகளில் பின்வரிசைக்கு அடிதடியே நடக்கும். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் மேலாளர் ஒருநாள் தானே சுட்ட கேக்கைக் கொண்டுவந்து "எப்படி?" என்று கேட்டார். "உள்ளே வேகல" என்றாள். ஆனாலும் அவர்தான் அவளுடைய நிரந்தர வசிப்புரிமைக்குப் பரிந்துரை செய்தார். படுக்கையில் கிடக்கும் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க வேறு ஆள் கிடைக்காத இடத்தில், வாய்த் துடுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பாக்கி இருந்தது ஆங்கிலத் தேர்வு மட்டும்தான்.

ஃபிஜியை நூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆண்ட ஆங்கிலேயர், பைபிள், ரக்பி, டின்னில் அடைத்த மாட்டுக்கறி எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று அவர்களுடைய ஆஸ்திரேலியப் பங்காளிகளுக்கு இப்போது சந்தேகம் வந்திருந்தது. இங்கிலாந்துக்காரனுக்குத் தேர்வு கிடையாது. அவன் வாயைத் திறக்காமலேயே ஆங்கிலம் பேசுகிறவன். பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலத்திலேயே படித்த அசெனதா ரயிலேறி சிட்னிக்குப் போனாள்.

வாசிப்பு, எழுத்து, கேட்டல் மூன்றும் தண்ணீர் பட்ட பாடாக முடிந்தன. பேச்சுத் தேர்வில், தேர்வாளர் அம்மாள் ஒரு அட்டையை நீட்டினார். பார்த்து ரசித்த அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

"நான் மியூசியத்துக்குப் போனதே இல்லைங்க" என்றாள் அசெனதா.

தேர்வாளர் புன்னகைத்தார். இவளும் புன்னகைத்தாள். சொல்ல ஒன்றுமில்லாதபோது சும்மா இருப்பதுதான் அவள் ஊரில் மரியாதை. ஒலிப்பதிவுக் கருவி அந்த மரியாதையை முழுதாகப் பதிவுசெய்துகொண்டது.

"இன்னும் ஏதாவது சொல்றீங்களா?"

"போயிட்டு வந்தா சொல்றேன்."

பேச்சில் மட்டும் மதிப்பெண் தேறவில்லை. விசா அந்த வருடக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் தேறாவிட்டால் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் உனைசியைப் பாதியில் கூட்டிக்கொண்டு குடும்பமே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

சலேஷ்னி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஃபிஜி இந்தியப் பெண். முன்னால் மளிகைக்கடையும் பின்கட்டில் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியும் நடத்துபவள்.

"ஏன்க்கா, நம்ம ஃபிஜியில, சுவாவுல மியூசியம் இருக்குல்ல? அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல."

"வாசலுக்கும் உள்ளுக்கும் எவ்வளவு தூரம்க்கா?"

"உண்மைக்கும் பொய்க்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு."

"அய்யோ, அவங்க என்ன மியூசியத்தப் பத்தித் தெரிஞ்சுக்கவா கேக்கறாங்க? நாக்கு நிக்காம ஓடுதான்னு பாக்கறாங்க. உண்மைக்கு மார்க்கே கிடையாது."

"மிளகாத்தூள் பாக்கெட்ல பழைய தேதி மேல நீ புது லேபிள் ஒட்டுறப்பவே நெனச்சேன், உங்கிட்டப் படிக்க வந்தது தப்புன்னு."

"அதத் தின்னு யாரும் சாகல. நீங்கதான் மூட்டை கட்டணும், பாத்துக்கங்க."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். பொய் சொல்லாத வாய்க்கு வசிப்புரிமை கிடைக்காது என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவள் கணவன் இனோக்கேவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் பாயில் உட்கார்ந்து நண்பர்களோடு யாங்கோனா என்கிற போதை வேர்ச்சாறு குடிப்பது கடமை. அவன் முன்னொரு காலத்தில் பிடித்த மீன் ஒன்று, அந்தப் பாயில் வாரத்துக்கு ஒரு முழம் வளர்ந்துகொண்டிருந்தது. பொய்க்குத் தேர்வு இருந்தால் அவன்தான் வினாத்தாளே தயாரிக்க வேண்டும். ஆனால் அரசாங்கத்துக்குத் தேவைப்படும் தொழில் அவனுடையது அல்ல, மனைவியுடையது.

"பொய் சொல்லாதடி. கதை சொல்லு" என்றான்.

"ரெண்டும் வேறயா?"

"பொய்யில ஒருத்தன் ஏமாறணும். இதுல எவன் ஏமாறப்போறான்? கேக்கறதுக்குன்னே சம்பளம் கொடுத்து உக்கார வச்சிருக்காங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி பெரிய தாரோக் கிழங்குத் தோட்டம் இருக்குன்னு சொன்னியே, அது கதையா, பொய்யா?"

பாயில் இருந்தவர்கள் சிரித்துப் புரண்டார்கள். இனோக்கே சிரட்டையை ஒரே மூச்சில் காலிசெய்துவிட்டு முறைப்படி மூன்று முறை கைதட்டினான். அதோடு விவாதம் முடிந்தது.

இரண்டாம் முறை சிட்னி. இந்த முறை அட்டையில் குளிர்கால விடுமுறைப் பயணம். வழக்கம்போல் "போனதே இல்லை" என்று சொல்ல வாயெடுத்தாள். ஃபிஜியின் நாடி விமான நிலையத்தில் பள்ளிப் பையோடு உனைசி நிற்பது கண்ணில் தெரிந்தது.

"என் புருஷன் பனிமலையில விழுந்துட்டார்" என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் பிடித்துப்போயிற்று. யார் பேச்சையும் கேட்காமல் உச்சிக்கு ஏறினான் என்றாள். வாடகைக்கு எடுத்த காலணி இரண்டும் இடது கால் என்றாள். சறுக்கிக்கொண்டே வந்தவன் ஒரு கல்யாணக் கோஷ்டிக்குள் புகுந்து மாப்பிள்ளையை வாரிக்கொண்டு போனான் என்றாள். பொய் என்று ஆனபின் அடியெல்லாம் இனோக்கேவுக்கே விழட்டும் என்று அவள் மனம் தாராளமாகிவிட்டது. தேர்வாளர் சிரிப்பை அடக்கமுடியாமல் நேரம் முடிந்துவிட்டது என்றார்.

"இருங்க, இன்னும் அவரத் தூக்கி நிறுத்தலையே" என்றாள் அசெனதா.

மதிப்பெண் தேவைக்கு மேலேயே வந்தது. சில மாதங்களில் வசிப்புரிமையும் வந்தது. தேவன் செய்த உதவியைச் சாட்சி சொல்ல, சபையில் நன்றி ஆராதனை வைத்தார்கள்.

பிரசங்க மேடையில் ஏறி, "நான் பொய் சொல்லித்தான் பாஸ் பண்ணேன். தேவனுக்கு இதுல பங்கு இல்ல" என்றாள். பின்வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. பனிமலைக் கதையை முழுதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். தோட்டமில்லாத குற்றத்துக்கு மலையிலிருந்து உருட்டப்பட்டவன் தலை நிமிரவே இல்லை. போதகர் அபிசாய் மட்டும் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். எல்லோரும் அவர் ஜெபிப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்து, விருந்துக்காக மண்ணடுப்பில் புதைத்து வேகவைத்த பன்றியைத் தோண்டி எடுக்கும்போது அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் தற்காலிக விசாவில் வந்தவர்தான்.

"சகோதரி, அடுத்த மாசம் எனக்கும் அந்தப் பேச்சுத் தேர்வு இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பனிமலைக்கு என்ன பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும் போதகரே? நான் போனதே இல்லையே."

"சரி, பேர் இல்லாமலே சொல்லிக்கிறேன். என் மனைவி விழுந்த மாதிரி..."

"அதெல்லாம் முடியாது" என்றாள் அசெனதா, கறித்துண்டை அவர் தட்டில் வைத்தபடி. "நீங்க வேற மலை பாத்துக்குங்க. அது எங்க வீட்டுக்காரர் விழுந்த மலை."