எதிர்வீட்டில் பெயர் வைத்த நாள்

இன்று தேவாலயப் பூசையில் திராட்சை இரச வாசம் மூக்கில் பட்டதும், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், குரோருட் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்து, இடித்துப் பல வருடமாகிவிட்ட வீட்டின் அந்தச் சிறிய கூடத்துக்குள் நினைவில் போய் நின்றேன். அங்கே இருந்த யூதக் குடும்பத்தின் மகள் மிர்யாம் என் தோழி. அவளுக்குத் தம்பி பிறந்திருந்தான். எட்டாம் நாள், நுனித்தோல் நீக்கும் விருத்தசேதனச் சடங்கு செய்யும்போதுதான் பெயரை வெளியில் சொல்வார்கள். பிள்ளை மஞ்சளித்துப் போனதால் சடங்கு தள்ளிப்போனது, பெயரும் உள்ளேயே கிடந்தது.

என் அம்மா வேலையால் வந்ததும் வராததுமாக அங்கே போய், யன்னலோர வெயிலில் கிடந்த பிள்ளையின் பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் மஞ்சளாத்தான் கிடக்கு" என்று முகம் வாடித் திரும்புவார். ஒரு நாள் வாசலிலிருந்தே, "பிள்ளை தெளிஞ்சிட்டான், டொக்டரும் ஓமெண்டிட்டார்!" என்று கத்தினார்.

சடங்கன்று நனைந்த கம்பளி மேலங்கிகளின் வாசமும் புகையூட்டிய மீனின் வாசமும் முட்டிமோதிய அந்தக் கூடத்தில், வெள்ளைத் தலையணையில் பிள்ளை கைமாறிக் கைமாறிப் போனான். ஒரேயொரு வீறிடல். திராட்சை இரசத்தில் தோய்த்த துணியை வாயில் வைக்க அழுகை அடங்கியது. சடங்கு செய்தவர் பெயரைச் சொன்னார்: தானியேல்.

எல்லோரும் தங்கள் மொழியில் வாழ்த்தினார்கள். என்ன சொல்வதென்று தெரியாத, மன்னார்க் கத்தோலிக்கரான என் அம்மா, கோயிலில் போலவே இரு கைகளையும் உயர்த்தி, "அல்லேலூயா!" என்றார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. நான் வெட்கத்தில் மேலங்கிகளுக்குள் புகுந்தேன். அவர்களுடைய எபிரேய மொழியிலிருந்தே எங்களுக்கு வந்த அந்தச் சொல்லை, பிள்ளையை மடியில் வைத்திருந்த அவனுடைய தாத்தாதான் முதலில் தொடங்கினார்: "ஹல்லேலூயா!" கூடம் அதிரத் திருப்பிச் சொன்னது. அந்தச் சத்தத்தில் தானியேல் மறுபடி வீறிட்டான். இம்முறை ஒருவரும் கவலைப்படவில்லை.