மூன்று வர்ணனையாளர்களும் நானும்

மாமனார் தீப்பெட்டி ஆபீஸை என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்த காலம் அது. கோவில்பட்டிக்குக் கேபிள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மற்ற வீடுகளில் பகலெல்லாம் சீரியல் ஓடும். எங்கள் வீட்டில் குத்துச்சண்டை. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சிருக்கால்லா, அவ சொல்லட்டும்" என்றார். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்த வீட்டில் மருமகள் மாமனார் முன்னால் உட்காரக் கூடாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி சொல்வேன். ஒரு சுற்று முடிந்து மணி அடித்ததும் அடுப்படிக்கு ஓடிக் குழம்பைக் கிளறிவிட்டு, அடுத்த மணிக்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

டிவியில் பேசுகிறவர்கள் மூன்று பேர். மாமாவின் கணக்கில் முதலிடம், தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு. என் கணக்கில் அவன் கடைசி. கண்ணுக்குத் தெரிவதையே கத்துவான்; அதை எடுத்துச் சொல்ல எம்.ஏ. எதற்கு? இரண்டாமவர் ஒவ்வொரு சுற்றுக்கும் தானாகவே புள்ளி போட்டுச் சொல்கிறவர். நடுவர்கள் வேறு மாதிரித் தீர்ப்புச் சொல்லிவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், குரலிலேயே தெரியும். மூன்றாமவர் பழைய குத்துச்சண்டைக்காரர். அதிகம் பேச மாட்டார். இடது கையைத் தாழ்த்துகிறான், வாங்கப் போகிறான் என்பார், அவனும் வாங்குவான். தப்பிப்போனால், நான் சொன்னது தப்பு என்றும் சொல்வார். ஒரு ஆண்பிள்ளை அப்படிச் சொல்லி நான் கேட்டது டிவியில்தான். அவருக்கே முதலிடம் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் எட்டயபுரம் சாலையிலிருந்த ஒரு கான்வென்ட்டில் ஆங்கில டீச்சர் வேலை வந்தது. தலைமையாசிரியை சிஸ்டரே சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த வீட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. கணவரிடம் கேட்டேன். "அப்பா சரின்னா எனக்குச் சரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாமாவின் மனதைக் குளிரவைத்தால் காரியம் நடக்கும் என்று நினைத்தேன். புத்தி அப்படிப் போயிற்று. அந்த வாரம் முழுக்க உயிரைக் கொடுத்துச் சொன்னேன். கத்துகிறவனை ஓரங்கட்டிவிட்டு, பழைய குத்துச்சண்டைக்காரர் சொல்வதை மட்டும் எடுத்து எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டேன். "தோளப் பாருங்க மாமா, இப்பம் வலதுல வரும்." வந்தது. மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் காபி குடிக்கிற சாக்கில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

வார முடிவில், சண்டையின் இடைவேளை பார்த்து, மாமியார் எனக்காகப் பேச்சை எடுத்தார். மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலைக்கா? இவ போயிட்டா எனக்கு யாரு சொல்லுவா? அங்கன பேசுத மூணு பேரும் இவளுக்குப் பின்னாலதான். என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"அதுல என்ன சந்தேகம்" என்றார் அண்ணாச்சி.

மாமாவுக்கு அதற்குமேல் இரக்கமும் வந்துவிட்டது. மாமியாரிடம், "பாவம், எம்புட்டு நேரம்தான் நிப்பா. ஒரு சேரை எடுத்துப் போடு" என்றார்.

அந்த வீட்டில் எந்த மருமகளுக்கும் கிடைக்காத மரியாதை அது. மாமியார் சேரைக் கொண்டுவந்து போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன். மணி அடித்தது.

"என்னம்மா சொல்லுதான்?" என்றார் மாமா.

சொன்னேன்.