மெட்ராஸுக்குப் போன கடைசி வாரம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் மதுரையில் வக்கீலாக இருந்தார். எழுபதுகளின் கடைசி அது. வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு குமாஸ்தா, சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே வேலை பழக வந்த ஒரு பையன், காலையிலும் சாயங்காலமும் கட்சிக்காரர்கள். எல்லாருக்கும் காபி போட்டு டம்ளர் கழுவியே என் விரலெல்லாம் ஊறிப்போயிருக்கும்.

வக்கீல்கள் ஓயாமல் சட்டப் புத்தகம்தான் படிப்பார்கள் என்று எங்கள் ஊரில் நினைத்தார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கழுத்தை நீட்டினேன். இவர் விரும்பிப் படித்ததெல்லாம் துப்பறியும் மாத நாவல். பகலெல்லாம் கொலைக் கேஸ் பார்த்துவிட்டு வீட்டிலும் கொலையா என்று கேட்டால், "இதுல சாட்சி பல்டி அடிக்க மாட்டான். அதான் நிம்மதி" என்பார்.

ஆனால் அது கட்சிக்காரர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. கதை படிக்கிற வக்கீலை நம்பி யார் நிலத்து வழக்கைக் கொடுப்பார்கள்? அதனால் கேஸ் கட்டைப் பிரித்து வைத்து, அதற்குள் நாவலை வைத்துப் படிப்பார். ஆள் வருகிற சத்தம் கேட்டால் கட்டை மூடிவிடுவார்.

இன்னொரு பழக்கம், கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது. தீர்ப்பு நகல் வந்தால் வக்கீல்கள் அப்படித்தானாம். ஜெயித்ததா தோற்றதா என்று கடைசியில் பார்த்துக்கொண்டுதான் முன்னால் வருவார்களாம். கதைக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. அதோடு போனாலும் பரவாயில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். மத்தியானம் பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகு நாலைந்து பக்கம் ஓடும், கண் சொருகிவிடும். பாதியில் இருக்கும்போதே வந்து, "இன்னுமா படிக்கிற? டாக்டர்தான் கொன்னான்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவார். ஒரு கதையின் முடிவைக்கூட நானாகத் தெரிந்துகொண்டதில்லை. சண்டை போட எனக்கு வாயும் கிடையாது.

அந்தப் பையன்தான் வழி சொன்னான். "தொடர்கதை படிங்கக்கா. கடைசிப் பக்கத்தை இன்னும் எழுதியிருக்கவே மாட்டாங்க. சாரால ஒண்ணும் பண்ண முடியாது."

அப்படி ஒரு வாரப் பத்திரிகைத் தொடரைப் பிடித்தேன். அரிசி ஆலை முதலாளி ஒருவர் செத்துக் கிடக்கிறார். கொன்றது தம்பியா, மருமகளா, கணக்குப்பிள்ளையா தெரியாது. வீடே அதில் விழுந்துவிட்டது. அவரும் வேறு வழியில்லாமல் முன்னாலிருந்தே படித்தார்.

"மருமகதான் சார்" என்பான் பையன்.

"எதை வச்சுச் சொல்ற? பார்த்த சாட்சி இருக்கா?"

"அம்புட்டு அழுதாளே சார், அது போதாதா?"

"இவன் பாஸ் பண்ணி, இவனுக்கும் ஒருத்தன் வக்காலத்துக் குடுக்கணுமே" என்று குமாஸ்தா தலையில் அடித்துக்கொள்வார்.

கதவுக்கு உள்பக்கம் நின்று கேட்பேன். எனக்குக் கணக்குப்பிள்ளை மேல்தான் சந்தேகம். யாரிடமும் சொல்லவில்லை.

எப்போதும் இதழ் எல்லாரும் படித்த பிறகுதான் எனக்கு வரும். கடைசி வாரம் மட்டும் கேட்டுவிட்டேன். "ஏங்க, இந்த ஒரு வாரம் நான் முதல்ல படிச்சுக்கிறேனே." ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, படி" என்று கொடுத்தார்.

அன்றைக்கென்று பார்த்து அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து என் பெரியப்பா மகன் வந்தார், கூட நாலு ஆள். கிணற்றுப் பங்கு வழக்கு. இங்கே தோற்று ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போக வேண்டும். அப்போதெல்லாம் அதற்கு மெட்ராஸ்தான். சாயங்கால ரயிலில் கட்டைக் கொண்டுபோய் அங்கேயுள்ள வக்கீலிடம் கொடுக்க வந்திருந்தார்கள். இதழை அரிசி டின் மேல் வைத்துவிட்டு அத்தனை பேருக்கும் உலை வைத்தேன். வெங்காயம் உரிக்கையில் அட்டை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இதோ, இதோ என்றே பொழுது போனது.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அண்ணன் சொன்னது அடுப்படி வரை கேட்டது. "மாப்ள, கட்டு இம்புட்டுக் கனமா இருக்கே. கனத்துக்கே ஜெயிச்சிருவோம் போல."

இலையெல்லாம் எடுத்துப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் டின் மேல் இதழ் இல்லை.

முன்னறையில் அவர் முகமே சொல்லிவிட்டது. அவர்கள் சாப்பிடும்போது, சும்மா புரட்டிவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்திருக்கிறார். அண்ணன் கை கழுவி வருகிற சத்தம் கேட்டிருக்கிறது. பழக்கதோஷம், கட்டுக்குள் தள்ளி மூடிவிட்டார். குமாஸ்தா நாடா போட்டு இறுக்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

"விடு, நான் சொல்றேன். கொன்னது யாருன்னா..."

"சொல்லாதீங்க" என்றேன். கல்யாணமாகி அவர் பேச்சை நான் நடுவில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. "கட்டு திரும்பி வரும்ல. அப்பப் படிச்சுக்கிறேன்."

கடையில் வேறு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கடைசி வாரம், எங்கும் தீர்ந்துவிட்டது. பையனுடைய ஹாஸ்டலுக்கு வந்த இதழை யாரோ பைண்டு போடக் கிழித்துவிட்டார்களாம். அக்கம்பக்கத்தில் இரவல் கேட்க எனக்குக் கூச்சம்.

அவரும் சொல்லாமலே இருந்தார். சாப்பிடும்போது சில நாள் வாய்வரை வரும், மென்று விழுங்கிவிடுவார். அப்பீல் இழுத்துக்கொண்டே போனது. பையன் வக்கீலாகித் தனி ஆபீஸ் போட்டுவிட்டான். எண்பதுகளில்தான் கட்டு திரும்பி வந்தது. அண்ணனுக்குப் பங்கு கிடைத்தது, கிணறு அதற்குள் வற்றியிருந்தது. கட்டை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். இதழ் இல்லை. மெட்ராஸ் வக்கீல் ஆபீசிலும் கதை படிக்கிறவர்கள் இருப்பார்கள்தானே.

எனக்கும் அலுத்துவிட்டது. "சரி, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "மருமகதான்னு நினைக்கிறேன். இல்ல, அந்தத் தம்பியோ? இதுக்கப்புறம் எம்புட்டுக் கதை படிச்சாச்சு. நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவருக்கு ஞாபகம் வரவே இல்லை. இப்போது அவரும் இல்லை.

அரிசி ஆலை என்று எழுதியிருக்கிறேன், எண்ணெய் ஆலையாகவும் இருக்கலாம். மற்ற விவரங்களும் முன்னே பின்னே இருக்கும். பழைய தொடர்களைப் பைண்டு போட்டு வைத்திருப்பவர்கள் யாராவது எடுத்துச் சரிபார்த்தால் புண்ணியம். அப்படியே கணக்குப்பிள்ளைதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.