குடும்ப ஓய்வூதியமும் ஒரு கூடுதல் வரியும்

குடும்ப ஓய்வூதியம் என்றால் அது குடும்பம் முழுவதற்கும் உரிய பணம் என்றே ஸ்டெல்லா அம்மாளின் வீட்டார் நம்பினார்கள். "பேரே அப்படித்தானுங்களே இருக்குது" என்பார் அவருடைய ஒரே மகன் அருள்ராஜ். உண்மையில் அது, அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து மறைந்த கணவருக்காக, ஸ்டெல்லா அம்மாளுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த ஓய்வூதியம். ஆர்.எஸ்.புரத்தில் நான் பணிபுரிந்த வங்கிக் கிளையில் கடைசிப் பதினோரு ஆண்டுகள் பென்ஷன் மேசை என் பொறுப்பில் இருந்தது. அந்தச் சொல்லை நாள்தோறும் எழுதினேன். அதனாலேயே அதை ஒருமுறைகூட நிறுத்தி யோசித்ததில்லை.

ஸ்டெல்லா அம்மாள் அப்போது பினாங்கில் இருந்தார். அங்கே வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா திரேசம்மாள் பக்கவாதத்தில் விழுந்திருந்தார். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. தங்கை நீண்டகால விசாவில் போய்க் கூடவே தங்கினார். விசாவை நீட்டிக்க, தமக்கென நிலையான ஓய்வூதிய வருமானம் உண்டு என்று வங்கியின் லெட்டர்ஹெட்டில் சான்று காட்ட வேண்டும். பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தைப் பார்த்து, அதில் உள்ளபடியே 'ஃபேமிலி பென்ஷன்' என்று எழுதி, சீல் வைத்து அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் கேள்வி வந்தது. குடும்பத்துக்கு வரும் தொகை என்றால் இதில் விண்ணப்பதாரரின் பங்கு எவ்வளவு, மற்றவர்கள் யார் என்று அந்த நாட்டு விசா அலுவலகம் கேட்டிருந்தது. நியாயமான கேள்விதான். பதில் தர இருபது நாள் கெடு.

அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தவர் அருள்ராஜ். சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. தாளை என் மேசையில் வைத்தார். ஆனால் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏனுங்க மேடம், இதை இப்படியே உட்டுபோடலாமுங்களா?"

"கெடு தாண்டினா எக்ஸ்டென்ஷன் கிடைக்காதுங்க."

"அதுக்குத்தானுங்க சொல்றேன். கிடைக்கலீன்னா அம்மா ஊட்டுக்கு வந்துருவாங்க. என் பொண்ணுக்கு அப்பத்தா மொகம் செல்போன் சைஸ்லதானுங்க தெரியும்."

அவர் கைக்கடியில் தெரிந்த கெடுத் தேதியைப் பார்த்தேன்.

"நீங்க பொய் எழுத வேண்டாமுங்க. ஒன்னும் எழுதாம இருந்தாப் போதுமுங்க."

அவர் கெட்ட மகன் அல்லர். தாயைக் காணாத ஏக்கம் அந்தக் குரலில் இருந்தது. எழுதாமல் விடுவது எங்கள் மேசையில் மிக எளிது. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். நான் ஒரு கணம் தடுமாறினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கணக்கு அவருடையதன்று, அவர் தாயாருடையது. அவர் முன்னாலேயே ஸ்டெல்லா அம்மாளுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அம்மணி, அவன் அங்கதான் நிக்கறானா? வண்டியிலயா வந்தான்? ஹெல்மெட் போட்டிருந்தானா, கேளு."

"போட்டிருந்தேனுங்கம்மா" என்றார் நாற்பது வயது மகன்.

"லெட்டர் வேணுமுங்களா, வேண்டாமுங்களா? நீங்க சொல்லுங்கம்மா" என்றேன்.

பதிலுக்கு அவர் போனைக் கட்டில் பக்கம் திருப்பினார்.

"பாரு கண்ணு. அக்காவுக்கு மலாயும் இங்கிலீசும் சுத்தமா மறந்துபோச்சு. சின்ன வயசுல பேசின பேச்சு மட்டுந்தான் நிக்குது. தண்ணி கேட்டாக்கூட நர்சுப் புள்ளைக்குப் புரியறதில்ல. நான்தான் சொல்லோணும்."

திரேசம்மாள் திரையை உற்றுப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தும் மெல்லக் கேட்டார்: "வாங்க. சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க பெரீம்மா" என்றார் அருள்ராஜ். தாளின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

அன்றே புதிய சான்று தயாரித்தேன். பழைய வாசகத்தின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: இது இவருடைய தனி வருமானம்; ஆயுள் வரை இவருக்கே வழங்கப்படும்; வேறு எவருக்கும் இதில் பங்கில்லை. "ஃபார்மட்டுல இப்படி வரி இல்லீங்களே" என்று மேலாளர் தயங்கினார். பி.பி.ஓ.வைத் திறந்து அவர் முன் வைத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அதை ஸ்கேன் செய்து பினாங்குக்கு அனுப்பியவர் அருள்ராஜ்தான். விசா ஓராண்டுக்கு நீண்டது.

இந்த மேசைக்கு இனி வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நமக்குப் பழகிய சொல்லை, அதை முதன்முறையாகப் படிக்கப் போகும் அந்நியரின் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் படிக்காததால், ஒரு நோயாளி தம் பேச்சு புரிந்த ஒரே ஆளை இழக்கப் பார்த்தார்.

விசா நீண்ட பத்தாம் மாதம் திரேசம்மாள் இறந்தார். "கடைசி ராத்திரி வரைக்கும் பேசிட்டேதான் இருந்தா, அம்மணி. எனக்கு எல்லாம் புரிஞ்சுது" என்று ஸ்டெல்லா அம்மாள் போனில் சொன்னார். மகன் விமான நிலையம் சென்று அவரை அழைத்துவந்தார். உடன்பிறந்த இருவரில் இப்போது தங்கை மட்டும் இருக்கிறார்.